தூக்குத் தண்டனை வேண்டாம் என்று ஏன் சொல்கிறோம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு குழந்தையைக் கொன்றவன் பிடிபட்டான் என்று செய்தி வந்த அடுத்த நிமிடமே, 'தூக்கில் போடுங்கள்' என்ற குரலும் வந்துவிடுகிறது. அந்தக் கோபத்தை நான் குறை சொல்ல மாட்டேன், எனக்கும் வரும். ஆனால் தூக்கு என்பது போலீஸ் ஸ்டேஷனில் தொடங்கி செஷன்ஸ் கோர்ட், உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம், குடியரசுத் தலைவர் என்று பல கைகள் மாறிப் போகிற காரியம். அந்தக் கைகள் எப்படி வேலை செய்கின்றன என்று வழக்கு வழக்காகப் படித்த பிறகுதான் நான் இதை எதிர்க்கத் தொடங்கினேன். கூட்டங்களிலும் டீக்கடையிலும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கொலைகாரனை விட்டுவிடச் சொல்கிறீர்களா?

இல்லை. தண்டிக்க வேண்டும், கடுமையாகவே தண்டிக்க வேண்டும். தூக்கு வேண்டாம் என்றால் தண்டனையே வேண்டாம் என்று சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை.

ஆயுள் தண்டனை என்றால் 14 வருடத்தில் வெளியே வந்துவிடுவானே?

நம் ஊரில் ரொம்பப் பேர் இப்படித்தான் நம்புகிறார்கள். சட்டப்படி ஆயுள் தண்டனை என்றால் ஆயுள் முழுக்கச் சிறை. 14 வருடம் என்பது, கொலை போன்ற குற்றங்களில் அதற்கு முன்னால் அரசு தண்டனையைக் குறைத்து விடுவிக்கவே கூடாது என்கிற குறைந்தபட்ச எல்லை. அது முடிந்தால் தானாகக் கதவு திறந்துவிடாது. போதாததற்கு 2008இல் உச்ச நீதிமன்றம் இன்னொரு வழியும் வகுத்தது. தூக்குக்குப் பதிலாக 20 வருடம், 30 வருடம், அல்லது சாகும் வரை, தண்டனைக் குறைப்பே இல்லாத சிறை என்று உயர் நீதிமன்றங்கள் தீர்ப்பளிக்கலாம். 2015இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை உறுதி செய்தது. ஆகவே 'தூக்கு இல்லாவிட்டால் விடுதலைதான்' என்ற பயத்துக்கு இடமில்லை.

நிரபராதி தூக்குக்குப் போவதெல்லாம் நிஜத்தில் நடக்குமா? மூன்று கோர்ட் பார்க்கிறதே?

மூன்று கோர்ட்டும் பார்த்துத் தவறிய வழக்கு இருக்கிறது. மகாராஷ்டிராவில் 2003இல் ஒரு குடும்பத்தில் ஐந்து பேர் கொல்லப்பட்டார்கள். நாடோடிப் பழங்குடியைச் சேர்ந்த ஆறு பேரைப் பிடித்தார்கள். செஷன்ஸ் கோர்ட் ஆறு பேருக்கும் தூக்கு விதித்தது. உயர் நீதிமன்றம் மூன்று பேருக்கு ஆயுளாகக் குறைத்தது. 2009இல் உச்ச நீதிமன்றம் அந்த மூன்று பேரையும் சேர்த்து ஆறு பேருக்குமே தூக்கு என்றது. சரி, கதை முடிந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள். பத்து வருடம் கழித்து, 2019 மார்ச்சில், அதே உச்ச நீதிமன்றம் சீராய்வில் ஆறு பேரும் குற்றவாளிகளே அல்ல என்று சொல்லி விடுவித்தது. நேரில் பார்த்த சாட்சி, போலீஸ் காட்டிய படங்களில் வேறு நான்கு பேரை அடையாளம் காட்டியிருக்கிறார். அந்த நால்வரைப் போலீஸ் தேடவே இல்லை. ஆளுக்கு 5 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது நீதிமன்றம். உயிரோடு இருந்ததால் வாங்கிக்கொண்டார்கள். ஆனால் அவர்கள் வாழ்க்கையில் 16 வருடம் போய்விட்டது. அந்த ஆறு பேரில் ஒருவர், சம்பவம் நடந்தபோது 18 வயது நிரம்பாத சிறுவன் என்பது நடுவில் தெரியவந்தது தனிக்கதை.

வயது விஷயத்தில் இதைவிடக் கொடுமையான ஒன்று 2023இல் வெளிவந்தது. புனேயில் 1994இல் நடந்த கொலைகளுக்காகத் தூக்கு விதிக்கப்பட்டவர், அப்போது பன்னிரண்டு வயதுச் சிறுவன். வழக்கில் பெயரும் வயதும் தப்பாகப் பதிவாகியிருந்தன. ராஜஸ்தானில் அவர் படித்த பள்ளியின் ஆவணத்தைப் பார்த்த பிறகுதான் உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. பன்னிரண்டு வயதுப் பையனுக்கு நம் சட்டத்தில் தூக்கு கிடையவே கிடையாது. ஆனாலும் அவர் 28 வருடம் உள்ளே இருந்தார், அதில் பெரும்பகுதி தூக்குக் கைதியாக.

பேரறிவாளன் வழக்கை ஏன் எப்போதும் இழுக்கிறீர்கள்? அது அரசியல் வழக்கு அல்லவா?

தமிழ்நாட்டில் இந்த விவாதத்துக்கு முகம் கொடுத்த வழக்கு அது என்பதால். 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியோடு சேர்த்துப் பல உயிர்கள் போயின. பணியில் இருந்த போலீஸ்காரர்களும் அதில் உண்டு. அந்த இழப்பை யாரும் சிறிதாக்கக் கூடாது. அதே நேரத்தில் வழக்கு நடந்த விதத்தையும் பாருங்கள். 1998 ஜனவரியில் பூந்தமல்லியில் தடா என்ற தீவிரவாதத் தடுப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த நீதிமன்றம் 26 பேருக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டு எதிரே நின்ற அத்தனை பேருக்கும், தூக்கு விதித்தது. மறு வருடம் உச்ச நீதிமன்றம் அதில் 19 பேரை வெளியே அனுப்பியது. 26இல் 19! நான்கு பேருக்கு மட்டும் தூக்கு உறுதியானது.

அந்த நால்வரில் ஒருவரான பேரறிவாளன் கைதானபோது அவருக்கு 19 வயது. வெடிகுண்டுக்கு ஒன்பது வோல்ட் பேட்டரி இரண்டு வாங்கிக் கொடுத்தார் என்பது அவர் மீதிருந்த முக்கியக் குற்றச்சாட்டு. ஆதாரம், போலீஸ் அதிகாரியிடம் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட வாக்குமூலம். சாதாரண வழக்கில் போலீசிடம் கொடுத்த வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது, தடா வழக்கில் செல்லும். இது தடா குற்றமே இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகும் அந்த வாக்குமூலம் மட்டும் செல்லுபடியாகவே இருந்தது.

கருணை மனு 11 வருடம் கிடந்து, 2011 ஆகஸ்டில் நிராகரிக்கப்பட்டது. செப்டம்பர் 9 என்று தேதியும் குறித்தார்கள். காஞ்சிபுரத்தில் செங்கொடி என்ற இளம்பெண் தீக்குளித்து இறந்தது அந்த நாட்களில்தான். ஆகஸ்ட் 30 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தூக்கை நிறுத்திவைத்தது, அதே நாள் சட்டமன்றமும் தீர்மானம் போட்டது. இரண்டு வருடம் கழித்து, 2013 நவம்பரில், அந்த வாக்குமூலத்தைப் பதிவு செய்த சிபிஐ அதிகாரி, ஓய்வு பெற்ற பிறகு வாய் திறந்தார். பேட்டரி எதற்கு என்று தனக்குத் தெரியாது என பேரறிவாளன் சொன்னதைத் தான் எழுதாமல் விட்டுவிட்டதாகச் சொன்னார். 2011 செப்டம்பர் 9 அன்று தூக்கு நடந்திருந்தால், அந்த ஒரு வரி யாருக்குப் பயன்பட்டிருக்கும்? 2014 பிப்ரவரியில் தலைமை நீதிபதி ப. சதாசிவம் அமர்வு, காலதாமதத்தைக் காரணம் காட்டித் தூக்கை ஆயுளாகக் குறைத்தது. 2022 மே 18 அன்று பேரறிவாளன் விடுதலையானார். மகனுக்காக 31 வருடம் சிறை வாசலிலும் கோர்ட் வாசலிலும் அலைந்த அற்புதம்மாளை நமக்கெல்லாம் தெரியும்.

'அரிதினும் அரிதான' வழக்குகளில் மட்டும்தானே தூக்கு?

1980இல் பச்சன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் வைத்த அளவுகோல் அது. குற்றத்தை மட்டும் பார்க்கக் கூடாது, குற்றவாளியின் வாழ்க்கையையும் திருந்தும் வாய்ப்பையும் பார்க்க வேண்டும் என்றது. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. அந்த அமர்வின் ஐந்து நீதிபதிகளில் பி.என். பகவதி மட்டும் மாறுபட்டார். எந்த நீதிபதிகள் முன் வழக்கு போகிறது என்பதைப் பொறுத்து ஒருவன் சாவதும் பிழைப்பதும் அமையும் என்று அவர் எச்சரித்தார்.

அவர் எச்சரித்தது கண்முன்னே நடந்தது. உத்தரப்பிரதேசத்தில் ஒரே கொலை வழக்கில், ஒரே அளவு பங்குள்ள மூன்று பேருக்குத் தூக்கு. மூவரும் தனித்தனியாக உச்ச நீதிமன்றம் போனார்கள். ஒருவருக்கு 1977இல் ஆயுளாகக் குறைந்தது. இன்னொருவரின் மனு தள்ளுபடியாகி, 1981 அக்டோபர் 6 அன்று தூக்கில் போட்டுவிட்டார்கள். மூன்றாமவர் ஹர்பன்ஸ் சிங், அவருக்கும் அதே நாள்தான் குறித்திருந்தது. கடைசி நேரத்தில் போட்ட மனுவில்தான், கூட்டாளி ஒருவருக்கு ஏற்கனவே தண்டனை குறைந்த விஷயமே நீதிமன்றத்தின் கண்ணில் பட்டது. அவர் தப்பினார். ஒரே குற்றம், மூன்று முடிவு.

நம் தர்மபுரி பஸ் எரிப்பையும் எடுத்துக்கொள்ளுங்கள். 2000 பிப்ரவரி 2 அன்று வேளாண் கல்லூரி மாணவிகள் மூன்று பேர் பஸ்ஸுக்குள் கருகினார்கள். குற்றவாளிகள் மூவருக்கும் தூக்கு என்று 2010இல் உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொன்னது. 2016இல் அதே உச்ச நீதிமன்றம், வேறு நீதிபதிகள், அதே சாட்சியங்கள், ஆயுள் போதும் என்றது. 2018இல் அரசு அவர்களை விடுதலையும் செய்தது. அந்த விடுதலை எனக்கு வலித்தது, மறைக்கவில்லை. ஆனால் 2010க்கும் 2016க்கும் நடுவில் அவசரப்பட்டுத் தூக்கில் போட்டிருந்தால், 'தேவையில்லை' என்று பின்னால் நீதிமன்றமே சொல்லக்கூடிய தூக்கைப் போட்டிருப்போம்.

அப்படியும் நடந்திருக்கிறது. 1996இல் கொடுத்த ஒரு தீர்ப்பில் குற்றவாளியைப் பார்க்காமல் குற்றத்தை மட்டும் பார்த்தது தவறு என்று 2009இல் உச்ச நீதிமன்றமே ஒப்புக்கொண்டது. அந்தத் தவறான தீர்ப்பைப் பின்பற்றி மேலும் பலருக்குத் தூக்கு உறுதியாகியிருந்தது. இந்தத் தவறின் பேரில் இரண்டு பேர் ஏற்கனவே தூக்கில் தொங்கிவிட்டார்கள். ஓய்வு பெற்ற நீதிபதிகள் 14 பேர், மிச்சமுள்ளவர்களையாவது காப்பாற்றுங்கள் என்று 2012இல் குடியரசுத் தலைவருக்கு எழுதினார்கள்.

பணக்காரன், ஏழை என்று கோர்ட் பார்க்குமா என்ன?

கோர்ட் பார்க்காது. வக்கீல் ஃபீஸ் பார்க்கும். டெல்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நாடு முழுக்கத் தூக்குக் கைதிகளைச் சந்தித்து 2016இல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். நான்கில் மூன்று பேர் பொருளாதாரத்தில் நலிந்தவர்கள். கிட்டத்தட்ட அதே அளவு பேர் பிற்படுத்தப்பட்ட, தாழ்த்தப்பட்ட சமூகத்தினரும் சிறுபான்மையினரும். அதே அறிக்கையில் இன்னொரு கணக்கு: கீழ்க் கோர்ட்டுகள் விதித்த தூக்குகளில் கடைசிவரை நின்றது 100க்கு 5 அளவுதான். மீதியெல்லாம் ஆயுளாகக் குறைந்தன, அல்லது ஆளே விடுதலை. 100இல் 95 முறை மேலே போய் மாறுகிற தீர்ப்பை நம்பி ஒருவனை வருடக்கணக்கில் தூக்குக் கைதியாக வைத்திருக்கிறோம்.

தூக்கு இருந்தால்தானே பயம் இருக்கும்?

இதற்கு நம் பக்கத்திலேயே ஒரு சோதனை நடந்திருக்கிறது. திருவிதாங்கூர் சமஸ்தானம் 1944இல் தூக்கை ஒழித்தது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டமும் அப்போது திருவிதாங்கூர்தான். இந்தியாவோடு சேர்ந்த பிறகு, 1950 வாக்கில் இந்தியச் சட்டத்தோடு தூக்கும் திரும்பி வந்தது. தூக்கு இல்லாத 1945-50இல் அங்கே நடந்த கொலைகள் 962. தூக்கு வந்த பிறகு 1950-55இல் 967. கயிறு போனதால் கொலை பெருகவும் இல்லை, வந்ததால் குறையவும் இல்லை.

அமெரிக்காவில் தேசிய ஆராய்ச்சிக் குழு, பல பத்தாண்டுகளாக வந்த ஆய்வுகளை எல்லாம் அலசி, மரண தண்டனை கொலையைத் தடுக்கிறது என்றோ தடுக்கவில்லை என்றோ சொல்ல அவை உதவாது என்று 2012இல் அறிவித்தது. பயமுறுத்தும் என்பதற்கு ஆதாரம் கேட்டால் யாரிடமும் இல்லை. கோபத்திலும் போதையிலும் கொல்பவன் சட்டப் பிரிவு பார்ப்பதில்லை. திட்டம் போட்டுக் கொல்பவன் மாட்டிக்கொள்ள மாட்டோம் என்று நம்பித்தான் இறங்குகிறான். அவனைப் பயமுறுத்த வேண்டுமானால், நிச்சயம் பிடிபடுவோம் என்ற நிலை வேண்டும்.

குழந்தைகள் மீதான பாலியல் குற்றத்தில் எனக்கு இன்னொரு பயமும் உண்டு. செய்பவர் பெரும்பாலும் தெரிந்தவர், சில நேரம் சொந்த மாமன், சித்தப்பன். தூக்கு என்றால் வீட்டார் புகாரையே அமுக்கிவிடுவார்கள். செய்தவனும், எப்படியும் தூக்குதான் என்று ஒரே சாட்சியான குழந்தையைக் கொல்லத் துணிவான். 2012 டெல்லிக் கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி வர்மா குழு, பாலியல் வன்கொடுமைக்குத் தூக்கு வேண்டாம் என்று 2013இல் பரிந்துரைத்தது.

உங்கள் வீட்டில் நடந்தால் இப்படிப் பேசுவீர்களா?

இந்தக் கேள்வி வராத கூட்டம் இல்லை. என் வீட்டில் நடந்தால் நானே கத்தியைத் தூக்கினாலும் தூக்குவேன். அதனால்தான் தண்டனையை முடிவு செய்யும் இடத்தில் என்னை உட்கார வைக்கக் கூடாது.

ஆனால் கேள்வியின் அடியில் இருக்கும் நியாயத்தை நான் தட்டிக்கழிக்க விரும்பவில்லை. பறிகொடுத்தவர்களுக்கு நாம் என்ன கொடுக்கிறோம்? 2017இல் சென்னைப் புறநகரில் ஏழு வயதுச் சிறுமி கொல்லப்பட்ட வழக்கு நினைவிருக்கும். மறு வருடமே தூக்கு, சில மாதங்களில் உயர் நீதிமன்றத்தில் உறுதி, ஊரே திருப்திப்பட்டது. 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், தூக்கு விதிக்கப்பட்டவரை விடுதலை செய்தது. கேமரா பதிவு சரியாக நிரூபிக்கப்படவில்லை, சட்ட உதவி வக்கீல் வழக்கைப் படிக்கக்கூட நேரம் கொடுக்காமல் விசாரணை தொடங்கியிருக்கிறது என்றெல்லாம் சுட்டிக்காட்டியது. உடனே தூக்கு வேண்டும் என்ற அவசரம் யாருக்கு உதவியது? அந்தப் பெற்றோருக்கு எட்டு வருடம் கழித்துக் கையில் ஒன்றுமே இல்லை. பொறுமையாகத் துப்புத் துலக்கி, எதிர்த் தரப்புக்கும் நல்ல வக்கீலைக் கொடுத்து, எந்தக் கோர்ட்டிலும் அசையாத தீர்ப்பை வாங்கித் தந்திருக்க வேண்டும். அந்தக் குடும்பத்துக்கு நாம் பட்ட கடன் அதுதான்.

ஆணவக் கொலை செய்பவனுக்குமா தூக்கு வேண்டாம்?

சாதி எதிர்ப்பில் என்னோடு நிற்பவர்களே இதைக் கேட்கிறார்கள், ஆகவே நெஞ்சில் தைக்கிற கேள்வி. இரண்டு வழக்குகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உடுமலை சங்கர் கொலையில் 2017இல் திருப்பூர் நீதிமன்றம் ஆறு பேருக்குத் தூக்கு விதித்தது, நாமெல்லாம் கொண்டாடினோம். 2020இல் சென்னை உயர் நீதிமன்றம், தூக்கு பெற்றவர்களில் ஒருவரான, சங்கரை மணந்த பெண்ணின் தந்தையை முழுமையாக விடுவித்து, மற்ற ஐந்து பேருக்கும் ஆயுளாகக் குறைத்தது. கோகுல்ராஜ் வழக்கில் தூக்கு விதிக்கப்படவில்லை. முதல் குற்றவாளிக்கு 2022இல் மதுரை நீதிமன்றம் சாகும் வரை சிறை என்றது. மேல்முறையீட்டில் உயர் நீதிமன்ற நீதிபதிகள் திருச்செங்கோடு கோயிலுக்கே நேரில் போய்ப் பார்த்தார்கள். 2023இல் அந்தத் தண்டனையை உறுதி செய்தார்கள். தலைப்புச் செய்திக்குத் தூக்கு வேண்டுமா, நிலைக்கிற தண்டனை வேண்டுமா என்று கேட்டால், நான் இரண்டாவதைத்தான் கேட்பேன்.

நம் வரிப்பணத்தில் அவனுக்குப் பிரியாணி போட வேண்டுமா?

2008 மும்பைத் தாக்குதலில் பிடிபட்ட கசாப்புக்குச் சிறையில் பிரியாணி என்று நாடே கொதித்தது. அப்படி ஒன்று நடக்கவே இல்லை, தானே கிளப்பிவிட்ட கதை என்று அந்த வழக்கின் அரசு வழக்கறிஞரே 2015இல் ஒப்புக்கொண்டார். சிறைச் சோற்றைத் தின்று பார்த்தவர்கள் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்கள்.

கோர்ட் இவ்வளவு தாமதம் என்றால், என்கவுன்ட்டர்தான் சரியான வழி இல்லையா?

2019 டிசம்பரில் ஹைதராபாத் அருகே, பெண் ஒருவரைப் பாலியல் வன்கொடுமை செய்து கொன்றதாகப் பிடிபட்ட நான்கு பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்றபோது பூ தூவினார்கள். உச்ச நீதிமன்றம் அமைத்த விசாரணை ஆணையம் 2022இல் வேறு விதமாகச் சொன்னது. கொல்லும் நோக்கத்தோடுதான் சுட்டார்கள், போலீஸ் சொன்ன கதை நம்பும்படி இல்லை, பத்து போலீஸ்காரர்களை விசாரிக்க வேண்டும் என்றது. அந்த நால்வர்தான் குற்றவாளிகளா என்று இனி எந்தக் கோர்ட்டும் தீர்மானிக்க முடியாது.

வள்ளுவரே கொடியவரைக் கொல்லச் சொல்லியிருக்கிறாரே?

550ஆம் குறளைச் சொல்கிறீர்கள்: 'கொலையிற் கொடியாரை வேந்தொறுத்தல் பைங்கூழ் களைகட் டதனொடு நேர்'. பரிமேலழகர், கொடியவரைக் கொலைத் தண்டனையால் ஒறுப்பது என்றே உரை எழுதினார். அதை மழுப்பி வேறு பொருள் கற்பிக்க எனக்கு மனமில்லை. ஆனால் அதே செங்கோன்மை அதிகாரத்தின் முதல் குறள், ஆராய்ந்து, யாரிடமும் சாயாமல், தேர்ந்து செய்வதுதான் முறை என்கிறது. களை எது, பயிர் எது என்று தெரிந்தால்தானே பிடுங்கலாம்? தேராமல் கோவலனைக் கொன்ற பாண்டியன், உண்மை தெரிந்ததும் 'யானே கள்வன்' என்று சொல்லி உயிரை விட்டான். நம் நாட்டில் தவறான தூக்குக்காக ஓர் அதிகாரிகூடப் பதவி விலகியதாக நான் படித்ததில்லை.

அம்பேத்கர் எழுதிய சட்டத்தில்தானே தூக்கு இருக்கிறது?

தூக்கு இருப்பது வெள்ளைக்காரன் 1860இல் போட்ட தண்டனைச் சட்டத்தில். 2024 முதல் அது பாரதிய நியாய சன்ஹிதா என்று பெயர் மாறியது, தூக்கு மாறவில்லை. அம்பேத்கர் 1949 ஜூன் 3 அன்று அரசியல் நிர்ணய சபையில் பேசும்போது, மரண தண்டனையையே ஒழிப்பதைத்தான் தான் ஆதரிப்பதாகவும், அகிம்சையைப் போற்றும் இந்த நாட்டுக்கு அதுவே பொருந்தும் என்றும் சொன்னார்.

தீவிரவாதிகளுக்கு மட்டுமாவது வைக்கலாமே?

நீதிபதி ஏ.பி. ஷா தலைமையிலான சட்ட ஆணையம் 2015இல் இதைத்தான் சொன்னது: தீவிரவாதம், நாட்டின் மீது போர் தொடுத்தல் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் தூக்கை நீக்குங்கள் என்று. அந்த அறிக்கை பெரிய முன்னேற்றம், ஆனால் இந்த விலக்கை நான் ஏற்கவில்லை. போலீஸ் மீது அழுத்தம் உச்சத்தில் இருப்பதும், வாக்குமூல விதிகள் தளர்வதும், யாரையாவது பிடித்தே ஆக வேண்டும் என்ற வெறி ஏறுவதும் இந்த வழக்குகளில்தான். பூந்தமல்லியின் 26ஐ நினைத்துப் பாருங்கள்.

வெளிநாட்டுத் தமிழர்களுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

நிறைய. மலேசியத் தமிழரான நாகேந்திரன் தர்மலிங்கத்தை 42.72 கிராம் ஹெராயின் கடத்தியதற்காகச் சிங்கப்பூர் 2022 ஏப்ரல் 27 அன்று தூக்கிலிட்டது. அவருடைய அறிவுத்திறன் அளவு 69 என்று மருத்துவ அறிக்கை இருந்தது. பெரிய முதலாளி ஒருவனும் அந்தக் கயிற்றுக்குப் போகவில்லை, பொட்டலம் சுமந்தவர் போனார். மலேசியா 2023இல் கட்டாய மரண தண்டனையை நீக்கிவிட்டது. இலங்கையில் 1976க்குப் பிறகு யாரையும் தூக்கிலிடவில்லை. 2019இல் அப்போதைய ஜனாதிபதி போதைப்பொருள் குற்றவாளிகளைத் தூக்கிலிட முனைந்து, தூக்கிலிடும் வேலைக்கு விளம்பரம்கூடக் கொடுத்தார்கள். அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தடுத்துவிட்டது.

தூக்கில் போடுவதற்கு முன் குடும்பத்துக்குச் சொல்வார்களா?

இப்போது சொல்லியாக வேண்டும். கருணை மனு நிராகரிக்கப்பட்டதைக் கைதிக்கும் குடும்பத்துக்கும் எழுத்தில் தெரிவித்து, அதன் பிறகு குறைந்தது 14 நாள் அவகாசம் கொடுக்க வேண்டும், கடைசியாகச் சந்திக்க ஏற்பாடு செய்ய வேண்டும் என்று 2014 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் விதித்தது. அதற்கு முந்தைய வருடம் பிப்ரவரி 9 காலையில் திகார் சிறையில், நாடாளுமன்றத் தாக்குதல் வழக்கில் தண்டனை பெற்ற அப்சல் குருவைத் தூக்கிலிட்டு, சிறைக்குள்ளேயே புதைத்தார்கள். தகவல் கடிதத்தை ஸ்பீடு போஸ்டில் அனுப்பியிருந்தார்கள். காஷ்மீரில் அவர் மனைவி கையில் அது கிடைத்தது பிப்ரவரி 11.